ஏட்டிலிருந்து எண்ணுக்கு

ஓலைச்சுவடி, அச்சுப் புத்தகம், கிரயப் பத்திரம், புகைப்படம், ஒலிநாடா, படச்சுருள் என எந்தப் பொருளானாலும், அதில் பதிந்திருக்கும் செய்தியை எண்களாக மாற்றிக் கணினியில் சேர்த்து வைப்பதே மின்னாக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஸ்கேனரில் தாளைக் கவிழ்த்துப் பொத்தானை அழுத்துகிற வேலையாகத் தெரியும். மொத்த வேலையில் அது ஒரு சிறு பகுதிதான். அதற்கு முன்னால் பொருளைத் தூசி தட்டி, பழுது பார்த்து, படம் எடுக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பின்னால், எடுத்தது இன்னதென்று எழுதிவைக்க வேண்டும். எழுத்தைத் தேடக்கூடியதாக்க வேண்டும். கோப்பு கெட்டுப்போகாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். பணமும் உழைப்பும் பெரும்பாலும் இந்த முன்வேலைக்கும் பின்வேலைக்கும்தான் போகின்றன. அவற்றைக் கணக்கில் எடுக்காமல் ஸ்கேனர் வாங்குவதோடு திட்டம் போட்டவர்கள் பாதி வழியில் திணறிப்போவதில் வியப்பில்லை.

ஒரு படம் எண்ணாவது எப்படி? ஸ்கேனரோ கேமராவோ தாளின் பரப்பைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை 0 முதல் 255 வரையிலான எண்ணால் குறித்துக்கொள்கிறது. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் பிரித்தால் அகலவாக்கில் 2,480, நீளவாக்கில் 3,508 என மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிக்கு மூன்று எண் என்பதால் அந்த ஒரு பக்கம் மட்டுமே 26 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். அங்குலத்துக்கு 600 என்று அளவைக் கூட்டினால் இடம் நான்கு மடங்காகிவிடும். நல்ல அச்சுப் புத்தகத்துக்கு 300 போதும். எழுத்து பொடியாக இருந்தாலோ மை மங்கியிருந்தாலோ 400, 600 என்று போகவேண்டும். தபால்தலை அளவுப் புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

அனுபவப்பட்ட நூலகங்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்கின்றன. ஒன்று காப்புப் பிரதி. டிஃப் போன்ற வடிவத்தில், எந்தத் தகவலையும் கழிக்காமல், நிறத்தையும் தூசியையும் கறையையும் உள்ளபடியே வைத்திருப்பது. மற்றது பயன்பாட்டுப் பிரதி. வாசகர் திறந்து படிக்க ஜேபெக் அல்லது பிடிஎஃப் வடிவில் சுருக்கியது. ஜேபெக் கோப்பு சிறிதாக இருப்பதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாது என்று அது கருதும் நுணுக்கங்களைக் கழித்துவிடுவதுதான். அதைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கழியும். காப்புப் பிரதியிலிருந்து பயன்பாட்டுப் பிரதியை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தலைகீழாகச் செய்ய வழியே இல்லை.

தமிழில் மின்னாக்கத்துக்கு வரும் பொருள்களில் மிகவும் பக்குவம் கேட்பது ஓலைச்சுவடி. பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். பிறகு கரிமையையோ இலைச்சாற்றையோ தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து தெரியும். ஏடுகளில் இரண்டு துளைகள் இட்டு, ஒன்றில் நாராசம் என்னும் ஆணியைச் செருகி, மற்றதில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். கயிற்றின் நுனியில் கிளிமூக்கு வடிவில் நறுக்கிய ஓலைத்துண்டு இருக்கும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஏடு சில நூற்றாண்டுகள் தாங்கினால் அதிகம். பழைய ஏடு நைந்துபோவதற்குள் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவதுதான் முறையாக இருந்தது. சங்க நூல்களும் பிற பழைய நூல்களும் அப்படிப் படியெடுத்துப் படியெடுத்தே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வந்து சேர்ந்தன. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஊர் ஊராகத் தேடி எடுத்து அச்சேற்றியிராவிட்டால் அவற்றில் பல நின்றுபோயிருக்கும். உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இலும் புறநானூறு 1894இலும் வந்தன. ஏட்டிலிருந்து அச்சுக்குப் பெயர்ந்தது ஒரு முறை; இப்போது நடப்பது அடுத்த பெயர்ப்பு.

சுவடி ஒன்று மேசைக்கு வந்ததும் யாரும் உடனே கேமராவை எடுப்பதில்லை. முதலில் கட்டை அவிழ்த்து, ஏடுகள் எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏட்டின் இடப்பக்க ஓரத்தில் பெரும்பாலும் தமிழ் எண்ணில் ஏட்டெண் எழுதியிருப்பார்கள். முந்தைய தலைமுறையில் யாரோ அவிழ்த்துப் பார்த்து மாற்றிக் கோத்திருந்தால் வரிசை பிசகியிருக்கும். அப்போதும் இருந்தபடியே படமெடுத்து, பிசகைக் குறிப்பில் எழுதுவதுதான் சரி. தன் ஊகப்படி அடுக்கிவிட்டால் அடுத்து வரும் ஆய்வாளருக்குப் பழைய நிலை தெரியாமலே போகும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை வலிந்து இழுத்தால் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வரும் என்பதால், ஈரப்பதம் காட்டிப் பொறுமையாகப் பிரிக்கிறார்கள். மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றி, மடமடத்துப்போன ஏட்டுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவி வளைவு வரச் செய்கிறார்கள். அந்த எண்ணெய் பூச்சியையும் அண்டவிடாது.

படமெடுக்கும்போது மேசை ஸ்கேனரைத் தவிர்ப்பது நல்லது. மூடியை அழுத்தினால் வளைந்த ஏடு விரிசல் விடும். மேலிருந்து நேர் கீழாகப் பார்க்கும்படி கேமராவைத் தாங்கியில் பொருத்தி, இரு பக்கமும் விளக்கு வைத்து எடுப்பதே வழக்கம். மை தடவாத ஏட்டில் நேர் வெளிச்சம் விழுந்தால் எழுத்தே தெரியாது. விளக்கைத் தாழ்த்தி, ஏட்டின் மேல் சாய்வாக வெளிச்சம் படும்படி திருப்பினால் ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஏட்டின் பக்கத்தில் ஓர் அளவுகோலும் நிற அட்டையும் வைத்து எடுப்பார்கள். பிற்காலத்தில் படத்தைப் பார்ப்பவருக்கு ஏட்டின் உண்மை நீளமும் நிறமும் அதிலிருந்துதான் தெரியவரும். வெற்றேடு, உடைந்த துண்டு, மரச்சட்டம் எதையும் விடக்கூடாது. எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் கடைசி ஏட்டில் இருப்பதுண்டு. சில சுவடிகளில் சட்டத்தின் உட்புறத்தில்கூடக் குறிப்பு கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் கையில் இருப்பது படம்தான், நூல் அல்ல. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு இராது, காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள் என்று காரணம் சொல்வதுண்டு. பொருள் தெரிந்தால்தான் எழுத்து தெரியும் என்ற நிலை. ஆகவே சுவடிகளைப் பொறுத்தவரை மின்னாக்கம் இப்போதைக்குப் பெரும்பாலும் படத்தோடு நிற்கிறது. வாசித்துத் தருவதற்குப் பழகிய கண் வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவ ஆகமச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் சேர்த்தது. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள் 1997இலேயே அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றவை. சுவடிகளின் படங்களை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க வழி செய்யலாம். படிக்கத் தெரிந்தவர்கள் எண்ணிக்கை அதனால் மட்டும் கூடிவிடாது.

சுவடியைவிடக் காகிதம் பாதுகாப்பானது என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் புழக்கத்துக்கு வந்தது. மை பரவாதிருக்க அதில் சேர்த்த படிகாரம் காலப்போக்கில் அமிலமாகித் தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. நூற்றைம்பது வயது ஏடு வளைந்து கொடுக்கும்போது, 1940களின் பத்திரிகைத் தாள் விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. இதற்கு மேல் கரையானும் இராமபாணமும் தங்கள் பங்குக்குத் துளைத்து வைத்திருக்கும். இத்தகைய புத்தகத்தை முழுக்க விரித்துக் கவிழ்த்தால் முதுகு உடைந்து போகும். அதற்கென்றே ஆங்கில எழுத்து ‘வி’ வடிவத் தொட்டில் இருக்கிறது. புத்தகம் பாதி திறந்த நிலையில் அதில் சாய்ந்திருக்க, இரண்டு கேமராக்கள் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே எடுக்கும். ஒருவர் பக்கம் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். முதுகை அறுத்துத் தாள்களை உருவி, தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் கொடுத்தால் வேலை பல மடங்கு வேகமாக முடியும். பல பிரதிகள் கைவசம் இருக்கும் புத்தகத்துக்கு அது சரி. ஒரே பிரதி இருக்கும் புத்தகத்துக்கு அப்படிச் செய்வது அநியாயம்.

ஒரே பிரதி என்பது தமிழில் அரிதான நிலை அல்ல. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசுகள், கல்யாண அழைப்பிதழ்கள், பாட்டுப் புத்தகங்கள் என்று மற்றவர்கள் குப்பை என்று தள்ளியவற்றையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து ஆராய்ச்சி நூலகம் அமைக்க உதவியது. சென்னை தரமணியில் இயங்கும் அந்த நூலகம் தொடக்கத்தில் செய்தது மின்னாக்கம் அல்ல, நுண்படமாக்கம். நுண்படச் சுருளை முறையாக வைத்தால் நூற்றாண்டுகள் தாங்கும். படிக்க ஒரு வில்லையும் விளக்கும் போதும், மென்பொருள் எதுவும் வேண்டாம். மின்னாக்கம் மலிவாகி, தேடும் வசதியும் வந்தபிறகு நுண்படம் பின்னுக்குப் போனது உண்மை. நீடித்து நிற்பதில் அதன் மதிப்பு இன்றும் குறையவில்லை.

ஈழத்தில் இந்த வேலைக்கு வேறொரு அவசரம் இருந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பதன் ஆபத்தை அதைவிடக் கொடுமையாகச் சொல்லிவிட முடியாது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்னும் இணையதளம் இலங்கைத் தமிழ் நூல்களோடு இதழ்கள், நாளேடுகள், கோயில் மலர்கள், பள்ளி மலர்கள், நினைவு மலர்கள் வரை சேர்த்துவருகிறது. இறந்தவர் பேரில் முப்பத்தோராம் நாள் அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்தில் ஒரு ஊரின் குடும்ப வரலாறே இருக்கும் என்பதை அறிந்தவர்கள் செய்யும் தேர்வு அது.

ஒலிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. தாளை நின்றபடி படமெடுக்கலாம். நாடா ஓடினால்தான் ஒலி. ஒரு மணி நேர கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். பிளாஸ்டிக் நாடாவின் மேல் பசையோடு ஒட்டியிருக்கும் காந்தத் துகள்களில்தான் ஒலி பதிந்திருக்கிறது. அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்கினால் நாடா கிறீச்சிட்டு நின்றுவிடும். துகள் உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். இந்நோய் கண்ட ஸ்பூல் நாடாக்களைக் காப்பகங்களில் 50 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து ஈரத்தைப் போக்கி, குணம் தற்காலிகமாக நீடிக்கும்போதே பதிந்துகொள்கிறார்கள். எல்லா நாடாவுக்கும் இது ஒத்துவராது. வீட்டு அடுப்பில் செய்து பார்க்கிற காரியமும் அல்ல.

வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டுக்குச் செய்யவேண்டியது எளிது. கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். முதல் வேலையாக அவற்றை உடைத்துவிட்டால் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தி அழித்துவிட வழியில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் ஓட்டவே கூடாது. நல்ல கருவியும் கெட்டு, அடுத்த கேசட்டுக்கும் அது தொற்றும். மற்றவற்றை ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றினால் இறுக்கம் தளரும். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஹெட்டின் சாய்வைச் சிறு திருகால் முன்பின் திருப்பிக் கேட்டால், மந்தமாக இருந்த குரல் ஓரிடத்தில் சட்டென்று துலங்கும். அங்கே நிறுத்திப் பதிய வேண்டும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் காப்புப் பிரதியில் பயன்படுத்தக் கூடாது. இரைச்சலோடு பாட்டியின் ஒப்பாரியில் உள்ள மூச்சிழுப்பையும் அது துடைத்துவிடும்.

ஒலியை எண்ணாக்குவது என்பது அலையின் உயரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து குறிப்பது. சிடியில் இது நொடிக்கு 44,100 முறை. காப்பகங்கள் 24 பிட் நுணுக்கத்தோடு நொடிக்கு 96,000 முறை அளக்கின்றன. அந்த அளவில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி சுமார் 2 ஜிகாபைட் ஆகும். அதையே சாதாரண எம்பி3 ஆக்கினால் 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். இடத்தைக் கண்டு மலைத்து எம்பி3 மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஹார்ட் டிஸ்க் விலை காலப்போக்கில் பெரிதும் இறங்கிவந்திருப்பதையும், கேசட் ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சிக்கனம் பொருளற்றது. வீடியோ நாடாவுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. வீட்டு வீடியோ பிளேயரைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டக் கருவி இல்லாத காலம் நெருங்குகிறது. புத்தகம், போட்டோ, கேசட் மூன்றும் உள்ள வீட்டில் எதை முதலில் தொடுவது என்றால் கேசட்டைத்தான்.

படச்சுருளின் கதை பெரும்பகுதி இழப்பின் கதை. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். அதன்பின் வந்த அசிடேட் சுருள் புளித்த காடி நாற்றம் எடுத்துச் சுருங்கும். ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ என்ற மௌனப் படமும், 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படமும் பிரதி இல்லாமல் போனவை. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல்தான் வந்தது. எஞ்சிய சுருளை மின்னாக்க, இரண்டரை மணி நேரப் படத்தின் 2,16,000 சட்டகங்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யவேண்டும். 4கே அளவில் சட்டகத்துக்குச் சுமார் 50 மெகாபைட் என்று வைத்தால் ஒரு படத்துக்கே ஏறத்தாழ 11 டெராபைட் ஆகிறது. பிறகு கீறலையும் ஆட்டத்தையும் நிறமிழப்பையும் சரிசெய்ய வேண்டும். 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் இப்படிப் புதுப்பித்துத் திரையிடப்பட்டு நன்றாக ஓடியது. பழைய படத்தைப் புதுப்பிப்பதில் போட்ட காசு திரும்பும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகே தமிழ்த் திரையுலகில் பரவியது.

அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது எழுத்துணரி என்ற மென்பொருளின் வேலை. ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் உருவாகி 2005இல் திறமூலமாக வெளிவந்த டெசராக்ட், கூகுள் தரும் எழுத்துணரி இரண்டும் இன்று தமிழ் அச்சை நன்றாகவே படிக்கின்றன. ‘நன்றாக’ என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எழுத்து சரி என்றால்கூட, 1,500 எழுத்துள்ள பக்கத்தில் 15 பிழை. பழைய நூல் என்றால் இன்னும் கூடும். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகள் கொக்கியும் துதிக்கையுமாக வேறு வடிவில் அச்சாயின. புதிய எழுத்தில் மட்டும் பயின்ற மென்பொருள் அவற்றைக் கண்டு தடுமாறும். காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரிவதால் பாரதி ‘பரரதி’ ஆவார். ஔவையின் முதலெழுத்து ஒகரமும் ளகரமுமாகப் பிளந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிளவால் தேடலில் ஔவை அகப்படவே மாட்டாள். ஆகவே மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பக்கத்தின் படமும் எழுத்தும் அருகருகே நிற்க, தன்னார்வலர்கள் ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். தமிழைப் படிக்கும் எழுத்துணரி பரவுவதற்கு முன்பே, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமிருந்த தமிழர்கள் நூல்களைக் கையாலேயே தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் சரிபார்த்தார்.

கணினியில் பிறந்த தமிழும் பத்திரமாக இல்லை. 1990களில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தும், தமிழ்நாடு அரசு அதை 2010இல்தான் முறையாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அச்சகங்கள் அடித்துக் கோத்த புத்தகங்களின் கோப்புகள் ஃபிளாப்பியோடு போய்விட்டன. அவற்றின் அச்சுப் பிரதியை இப்போது ஸ்கேன் செய்யவேண்டியிருப்பது கேலிக்கூத்துதான்.

படமும் எழுத்தும் கிடைத்தபின் விவரக் குறிப்பு எழுதவேண்டும். ‘ஐஎம்ஜி 0047’ என்ற பெயரில் கிடக்கும் படம் தொலைந்த படத்துக்குச் சமம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், மூலம் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே சீராக எழுத டப்ளின் கோர் போன்ற 15 கூறுகள் கொண்ட பன்னாட்டு முறைகள் உண்டு. தமிழ் நூலை அதில் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்கும். பழைய நூலின் முகப்பில் ‘விக்கிரம வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் விக்கிரம 1880இலும் வரும், 1940இலும் வரும். காகிதம், அச்செழுத்து, அச்சுக்கூடத்தின் முகவரி ஆகியவற்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆசிரியர் பெயர் இன்னொரு தலைவலி. உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சாமிநாதய்யர், உ.வே.சா. எல்லாம் ஒருவரே என்று கணினிக்கு யாராவது சொல்லிவைத்தால்தான் தெரியும். ஒரு பெயருக்கு நிலையான ஒரு வடிவத்தைத் தீர்மானித்து மற்றவற்றை அதோடு இணைப்பது நூலகர் கலையின் பழைய பாடம். ஸ்கேனர் வந்த வேகத்தில் பலர் அதை மறந்தார்கள்.

பிறகு வருவது கோப்பைக் காப்பது. 1086இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே புத்தகத்தின் 900ஆம் ஆண்டுக்காக, பிபிசி 1986இல் நாடு முழுவதுமிருந்து படங்களும் குறிப்புகளும் திரட்டி லேசர் தட்டில் வெளியிட்டது. 2002 வாக்கில் அந்தத் தட்டை ஓட்டும் கருவியே அரிதாகிவிட்டது. ஆய்வாளர்கள் சிறப்பு மென்பொருள் எழுதி மீட்கவேண்டி வந்தது. 900 ஆண்டுத் தோல்புத்தகத்தை அப்போதும் வெறும் கண்ணால் படிக்க முடிந்தது. வீட்டில் எரித்த சிடியின் சாயம் வெயிலிலும் வெக்கையிலும் வெளுக்கும். பென் டிரைவ் நெடுநாள் சேமிப்புக்கு ஆனதே அல்ல. ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளில் மக்கர் செய்யும். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்றாவது வேறு ஊரில் என்ற விதியை அதனால்தான் வல்லுநர்கள் சொல்கிறார்கள். அதோடு ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகை ஒன்றைக் கணக்கிட்டு எழுதி வைக்கிறார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தத் தொகை முற்றிலும் வேறாகிவிடும். ஆண்டுக்கொருமுறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால் எந்தப் பிரதி கெட்டது என்று தெரியும். நல்ல பிரதியிலிருந்து அதை மாற்றலாம். நாலைந்து ஆண்டுக்கொருமுறை எல்லாவற்றையும் புதிய கருவிக்கு மாற்றவும் வேண்டும். ஏடு நையும் முன் பெயர்த்தெழுதிய அதே கடமை இங்கும் உண்டு, தவணைதான் குறுகியிருக்கிறது.

பெரிய நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. உலகெங்கும் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களை மின்னாக்க அந்த நூலகம் நடத்தும் திட்டத்தின் படங்களும் அப்போது கிடைக்காமல் போயின. அத்திட்டத்தில் மின்னாக்கிய பிரதிகளைப் பொருள் கிடைத்த நாட்டிலும் வைப்பது வழக்கம் என்பதன் அருமை அந்நேரத்தில் விளங்கியது.

மின்னாக்கியதையெல்லாம் இணையத்தில் போட்டுவிட முடியாது. இந்தியச் சட்டப்படி நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்னாக்கி வைத்துக்கொள்ளலாம்; உரிமையுள்ள நூலை ஊருக்கெல்லாம் வழங்க முடியாது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி நாட்டுடைமை. எழுத்தாளரின் குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தாராளமாகக் கிடைப்பவற்றில் இத்தகைய நூல்கள் கணிசம். வேண்டுமென்றே பூட்டி வைத்த மின்னாக்கமும் உண்டு. மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995இல் ஒரு காப்புரிமை கொடுத்து, இந்தியாவின் ஆட்சேபத்தால் 1997இல் ரத்து செய்தார்கள். அதன்பின் ஆயுர்வேத, யுனானி, சித்த மருத்துவ நூல்களிலுள்ள மருந்துச் செய்முறைகளைத் தொகுத்து ஐந்து பன்னாட்டு மொழிகளில் தேடத்தக்கதாக்கும் மரபறிவு மின்னூலகத்தை இந்திய அரசு 2001இல் தொடங்கியது. நெடுங்காலம் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே அதைத் திறந்து காட்டினார்கள். 2022இல்தான் மற்றவர்களும் பயன்படுத்த அனுமதிப்பதென்று முடிவானது.

மின்னாக்கிய பிறகு மூலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா அலுவலகத்திலும் எழும். இடப் பற்றாக்குறை அப்படி. அமெரிக்க நூலகங்கள் இருபதாம் நூற்றாண்டில் நாளேடுகளை நுண்படமாக்கிவிட்டு மூலங்களைக் கழித்துக் கட்டின. எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001இல் ‘டபுள் ஃபோல்ட்’ என்ற நூலில் அதைக் கடுமையாகச் சாடினார். நுண்படங்களில் பல மங்கல், சில பக்கங்கள் விடுபட்டவை, வண்ணப் பக்கங்கள் கறுப்பு வெள்ளையாகிப் போனவை. திரும்ப எடுக்க மூலம் இல்லை. இன்றைய கேமராவுக்குத் தெரியாதது நாளைய கருவிக்குத் தெரியும் என்பதும் கணக்கில் வரவேண்டும். சுரண்டி அழித்து மேலே வேறு எழுதிய தோலேட்டிலிருந்து ஆர்க்கிமிடீசின் எழுத்தைப் பலநிற ஒளியில் படமெடுத்து மீட்டது இந்த நூற்றாண்டில்தான். வீட்டு ஆவணங்களுக்கும் இது பொருந்தும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இணையத்தில் கிடைக்கும் காலம் இது. ஆனாலும் வீட்டை அடமானம் வைக்கப் போனால் வங்கி கேட்பது மூலப் பத்திரத்தைத்தான்.